மேக்ரோ அண்ணன்

காட்டூர், பழவேற்காடு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் ஊருக்கு அவர் 'கம்ப்யூட்டர் அண்ணன்'தான். அந்த அண்ணன்களில் எங்கோ ஒருவர் வேர்டில் மேக்ரோ எழுதக் கற்றுக்கொண்டுவிடுவார். அன்றிலிருந்து அவர் போக்கே வேறு.

மேக்ரோ ஒன்றும் மாயமந்திரம் இல்லை. திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை ஒருமுறை செய்து காட்டினால் வேர்ட் அதைப் பதிந்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை ஒரு விசையைத் தட்டினால் போதும், தானே செய்துவிடும். வேர்ட் 97 முதல் விஷுவல் பேசிக் மொழியும் அதற்குள் குடியிருக்கிறது. பதிவதோடு நிறுத்திக்கொள்பவர் புத்திசாலி. ஆல்ட் எஃப்11 தட்டி உள்ளே எட்டிப் பார்த்தவர் நம் அண்ணன். இரண்டு நிமிஷ வேலையை மிச்சம் பிடிக்க இரண்டு ராத்திரி கண்விழிப்பார்.

கடையில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதற்கு நிவாரணம் கேட்டு ஒரு மனு. ஏரி முகத்துவாரம் மண் மூடிப்போனதற்கு ஒன்று. பட்டாவுக்கு ஒன்று, முதியோர் உதவித்தொகைக்கு ஒன்று. எல்லாம் திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு, குறைதீர்க்கும் நாளுக்குப் போக வேண்டியவை. அண்ணன் ஒரு தட்டு தட்டினால் 'அனுப்புநர்' முதல் 'இப்படிக்கு' வரை மொத்தமும் வந்து நிற்கும். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' உட்பட. குறை மட்டும்தான் பாக்கி. அதை வந்தவர் கொண்டுவர வேண்டும்.

பழைய மனுக்கள் எல்லாம் வானவில் எழுத்துருவில் கிடக்கின்றன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டபின், அவற்றை மாற்ற அண்ணன் தனியாக ஒரு மேக்ரோ கட்டினார். பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால் வரும், 'க' பின்னால் வரும். யூனிகோடில் 'க'வுக்குத்தான் முதல் மரியாதை. வரிசையைத் திருப்பாமல் விட்டால் 'கோட்டைக்குப்பம்' என்ற ஊர்ப்பெயருக்கு முன்னால் கொம்பு மட்டும் ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு அநாதையாக நிற்கும். இதையெல்லாம் ஆதார் அட்டை ஜெராக்சுக்கு வந்தவரை உட்காரவைத்துச் சொல்வார். பஸ் போனாலும் விடமாட்டார்.

அண்ணனுக்குச் சறுக்கலும் உண்டு. வலை கிழிந்ததற்கு எழுதிய மனுவைப் படகு உடைந்தவருக்கு ஆக்க வேண்டியிருந்தது. 'வலை' என்பதையெல்லாம் 'படகு' என்று மாற்றச் சொல்லி மேக்ரோவை ஏவினார். அது சொன்ன சொல் தட்டாத பிள்ளை. 'குடும்பமே கவலையில் ஆழ்ந்துள்ளது' என்ற வரியிலும் புகுந்து, 'குடும்பமே கபடகுயில் ஆழ்ந்துள்ளது' என்று ஆக்கிவிட்டது. ஆபீசில் இருந்தவர் ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, "கபடகுன்னா விசைப்படகா, நாட்டுப்படகா?" என்று கேட்டாராம்.

முழுச் சொல்லை மட்டும் தேடு என்று வேர்டுக்குச் சொல்லலாமே? சொன்னால் 'வலையை', 'வலைகள்', 'வலைக்கு' எல்லாம் தப்பித்துவிடும். தமிழில் பன்மை விகுதியும் வேற்றுமை உருபும் வால் பிடித்துக்கொண்டே வரும். கடைசியில், முன்னால் இடைவெளி இருந்தால் மட்டும் மாற்று என்று அண்ணன் வழி கண்டுபிடித்தார். ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதே கதைதான்.

ஆனால் அவருடைய பெரிய தலைவலி வேகம். மனு கண்மூடித் திறப்பதற்குள் வந்து விழுந்தால் யாருக்குத் துட்டு கொடுக்க மனசு வரும்? மீன்கூடையோடு வந்த ஆயா ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்: "இன்னா நைனா, ஒரு தட்டு தட்டினதுக்கா முப்பது ரூபா?"

அவர் படித்த படிப்பு, விழித்த ராத்திரி எதுவும் ஆயாவிடம் எடுபடவில்லை. தட்டுகிற சத்தத்துக்குத்தான் கூலி என்பது அவருக்கு அன்று விளங்கியது. உடனே மேக்ரோவுக்குள் ஒரு தாமதத்தைச் செருகினார். இப்போது எழுத்துகள் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து வரும். அண்ணன் விசைப்பலகைமேல் பத்து விரலையும் ஓடவிட்டு, நடுநடுவே நெற்றியைச் சுருக்கி, பெருமூச்சும் விடுவார். வசூல் மளமளவென்று ஏறியது.

அடுத்த மாதம் அதே ஆயா வந்தாள். விரல்கள் ஓடின, எழுத்துகள் ஊர்ந்தன. பாதியில் டீ வந்தது. பழக்கதோஷத்தில் அண்ணன் இரண்டு கையாலும் கிளாசை வாங்கிக்கொண்டார். திரையில் மனு மட்டும் நிற்காமல் 'தாழ்மையுடன்' என்று போய்க்கொண்டிருந்தது.

ஆயா திரையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"நீ டீ குடி நைனா. துட்ட நான் அதுகிட்டயே குடுத்துக்கறேன்."