டிலனாய் எந்த விசாவில் வந்தார்?

அமெரிக்கக் கோடை முகாம்கள் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வெளிநாட்டு இளைஞர்களை ஜே-1 விசாவில் அழைக்கின்றனவே, நாஞ்சில் நாட்டில் யாராவது அப்படி வெளிநாட்டுப் பயிற்சியாளரை வைத்ததுண்டா?
– ஒரு வாசகி, தக்கலை

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறாரே! 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைவீரர் டிலனாய். விசா கேட்காமல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் படையையே பயிற்றுவிக்கக் கொடுத்தார். 1777-இல் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் அருகருகே இருக்கின்றன.

ஜே-1 முகாம் விசாவுக்கோ நான்கு மாதம்தான் கெடு. சமைக்கவும் பாத்திரம் கழுவவும் அதில் ஆள் எடுக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. புறப்படும் நம் பிள்ளைகள் வேலை, சம்பளம், தங்குமிடம் மூன்றையும் ஒப்பந்தத்தில் படித்த பிறகே கையெழுத்திடட்டும்.