கேளுங்க, சொல்றேன்! – கல்விச் சுற்றுலா ஸ்பெஷல்

ஓர் ஆசிரியை, ஆவடி: கல்விச் சுற்றுலா என்றாலே ‘தீம் பார்க்’ என்கிறார்களே மாணவர்கள்?

தண்ணீரில் சறுக்கிவிட அப்பாவே கூட்டிப்போவார். தோல்பாவைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்து, அனுமனைக் கையில் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொல்ல, பள்ளிக்கூடத்தை விட்டால் ஆளில்லை!

ஒரு தலைமை ஆசிரியர், விழுப்புரம்: ஒரே நாளில் எத்தனை இடம் காட்டலாம்?

ஒன்று. மனசு கேட்காவிட்டால் இரண்டு. ஏழு இடம் பார்த்த பிள்ளைக்குக் கடைசியில் நினைவிருப்பது, பஸ்ஸில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதுதான்.

ஓர் அப்பா, திருப்பூர்: இதனால் பலன் உண்டு என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா?

அமெரிக்காவில். ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் ஓவிய அருங்காட்சியகம் திறந்ததும் பள்ளிகள் முண்டியடித்தன. குலுக்கல் போட்டு அனுப்பினார்கள். போனவர்கள், போகாதவர்கள் என ஏறக்குறைய 11,000 மாணவர்களை ஒப்பிட்டார்கள். ஓவியத்தை உற்றுப் பார்த்து ஆராய்வதிலும், மாற்றுக் கருத்தைப் பொறுத்துக்கொள்வதிலும் போனவர்களே முந்தினார்கள். இரண்டாவது பலன் பெரியவர்களுக்கும் கிடைத்தால் தேவலை!

அதே அப்பா: பார்த்ததெல்லாம் பத்தே நாளில் மறந்துவிடுமே?

அங்கே ஓர் ஓவியம்: மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் முகாம். அடிமைகள் விளைவித்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக, அடிமை ஒழிப்பாளர்கள் அதை ஆதரித்தார்கள். அந்த ஓவியத்தைப் பார்த்தவர்களில் 88 சதவீதம் பேர், வாரங்கள் கழித்தும் இதைச் சரியாகச் சொன்னார்கள். பரீட்சை உண்டு என்று யாரும் மிரட்டவில்லை!

ஒரு மாணவி, கும்பகோணம்: எழும்பூர் மியூசியத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை எப்படிப் பார்ப்பது?

செய்த விதத்தைத் தெரிந்துகொண்டு பார். முதலில் மெழுகில் உருவம். அதன்மேல் மண் பூச்சு. சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பு. மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். உன் ஊருக்குப் பக்கத்திலேயே, சுவாமிமலையில், ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். ஓர் அச்சுக்கு ஒரே சிலை. காப்பியடிக்க வழியே இல்லாத கலை!

ஒரு வரலாற்று ஆசிரியர், கரூர்: சித்தன்னவாசல் சமணர் கோயிலாயிற்றே, பிள்ளைகள் குழம்பமாட்டார்களா?

குழம்பட்டும், அப்போதுதான் கேள்வி வரும். குடைவரையின் கூரையில் ஒரு தாமரைக் குளம்: மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு முதலில் தெரிவது குளம்தான். மதம் நாம் சொல்லித் தெரிவது.

ஒரு பெற்றோர், வேலூர்: தெருக்கூத்து விடியவிடிய நடக்குமே, தூங்கிவிட மாட்டார்களா?

ஆட்டம் தொடங்கும் முன்பே ஒப்பனை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அரிதாரம், புஜக்கட்டை, கிரீடம் என்று ஒவ்வொன்றாக ஏறி, பக்கத்து ஊர் விவசாயி துரியோதனன் ஆவதைப் பார்த்த பிள்ளை, அவர் திரையை விலக்கி வரும்வரை கண் மூடாது. தூங்குவது நீங்களாகத்தான் இருக்கும்!

ஓர் ஆசிரியர், ஊட்டி: தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்கு அழைத்துப்போய் போட்டோ எடுக்கலாமா?

முதலில் அனுமதி, பிறகு வணக்கம், போட்டோ கடைசி. அவர்கள் வீடு நமக்குக் காட்சிசாலை ஆகிவிடக் கூடாது. அங்கே பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்வார்கள். கோடு போட்டுக்கொள்வதில்லை, இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். கணக்கு வாத்தியாரையும் மறக்காமல் கூட்டிப்போங்கள்!

ஒரு பி.டி.ஏ. உறுப்பினர், தாம்பரம்: கிளம்பும் முன் முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும்?

காலண்டரை. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தென்னிந்திய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மறுபடி கட்டி வைத்திருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். பூட்டுக்கும் கலாசாரம் உண்டு. அதைப் பார்க்க 50 பிள்ளைகள் வேண்டாம்.

ஒரு வகுப்பாசிரியர், தர்மபுரி: பணம் கட்ட முடியாத பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது சரியா?

தப்பு. அந்த அமெரிக்க ஆய்விலும் கிராமத்துப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும்தான் கூடுதலாகப் பயனடைந்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அடுத்த லீவிலும் போய்க்கொள்ளும். இந்தப் பிள்ளைக்கு இந்த பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. முதல் சீட்டை அதற்குப் போட்டுவிட்டு, அப்புறம் வசூலை ஆரம்பியுங்கள்!