ராணியின் செருப்புக் காசு

முத்துக்குளித்துறையில் பிள்ளைகளின் படிப்புக்கென்று வந்த நன்கொடைகளில் நான் அறிந்த மூத்த கணக்கு, ஒரு ராணியின் செருப்புக் காசு. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். முத்துக் குளித்த பரதவர்கள் போர்ச்சுகீசியருக்குக் கட்டிய வரியில் 4,000 பணம், ஆண்டுதோறும் போர்ச்சுகல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு அதை விட்டுத்தரச் சொல்லி சவேரியார் ராணிக்கே எழுதினார். ராணியும் பெரிய மனசு பண்ணினார். மூச்சடக்கி மூழ்கியவன் காசு அவன் பிள்ளைக்கே தருமமாகத் திரும்பி வந்தது. புண்ணியம் மட்டும் லிஸ்பனிலேயே தங்கிவிட்டது.

நான் படித்த எழுபதுகளில் ராணியும் இல்லை, முத்தும் இல்லை. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துபோனது. மணப்பாட்டுக்கும் புன்னைக்காயலுக்கும் நடுவில் இருந்த எங்கள் பள்ளிக்கூடம் ஒரு ஓட்டுக் கட்டடம், இரண்டு ஓலைக் கொட்டகை. மணி என்பது கயிற்றில் தொங்கிய தண்டவாளத் துண்டு. பெஞ்சுகள் காமராசர் காலத்துச் சீதனம். 1958இலிருந்து கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார் அல்லவா, அதில் வந்தவை. பெஞ்சு, கரும்பலகை, தண்ணீர்ப் பானை என்று ஊரே கொண்டுவந்து குவித்ததாம். 1956இல் பக்கத்து எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவிலும் ஊர்ப் பங்கு என்று ஒன்று இருந்தது. அரசாங்கம் பாதிக்கு மேல் போட்டது. மீதியை ஊர் போட்டது. மீன்பாடு இல்லாத மாதத்திலும் போட்டது.

எங்கள் பெஞ்சின் முதுகில் ‘உபயம்: தோணி முதலாளி’ என்று பச்சை பெயிண்டில் எழுதியிருந்தது. கொழும்புக்குச் சரக்கேற்றிய மனிதர். காம்பஸ் முள்ளால் ‘உ’வை மட்டும் பொறுமையாகச் சுரண்டி எடுத்தோம். ‘பயம்: தோணி முதலாளி.’ அவரிடம் கடன் வாங்கியிருந்த அப்பாக்களின் பிள்ளைகள்தான் முன்னின்று சுரண்டியது.

கழிப்பறை? உடங்காடு இருந்தது. தெற்கே பையன்கள், வடக்கே பெண்பிள்ளைகள். பெரியபிள்ளையானவள் மறுநாள் முதல் வரமாட்டாள். வாத்தியார் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டதில்லை. காரணம் வேலிக்கு அப்பால் முள்ளும் முள்ளுமாக நின்றுகொண்டிருந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களை லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்கச் சொல்கிறது. 2022இல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற அரசுத் திட்டம் வந்தது. அமெரிக்காவில் இருந்துகொண்டே பிறந்த ஊர்ப் பள்ளிக்குப் பணம் கட்டலாம். நல்ல ஏற்பாடுதான், என்ன, ஆன்லைனில் ‘உ’வைச் சுரண்ட வழியில்லை.

எங்கள் பள்ளிக்கும் ஒரு கம்பெனி கழிப்பறை கட்டிக்கொடுத்தது. ஊதா டைல்ஸ், ஃபைபர் கதவு, கதவளவுக்கு லோகோ. ரிப்பன் வெட்டு, சால்வை, கட்டில் அகலத்துக்கு ஒரு காசோலை. பிள்ளைகள் வெயிலில் நின்று கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்றவள் மீன் ஏலம் கூறுகிறவள். ஏழாம் வகுப்பில் அந்தப் பதிவேட்டுக் கோட்டுக்குள் போனவர்களில் ஒருத்தி. பேத்தி இப்போது அதே ஏழாம் வகுப்பு.

“எங்க வீட்டைவிட நல்லாத்தாம்ணே இருக்கு. தொட்டி வச்சிருக்காவ. தண்ணிய யாரு வைப்பா?”

நல்ல கேள்வி. போர் போட்டால் உப்பு. ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் குழாயைத் தின்றுவிடும். தாமிரபரணித் தண்ணீர் ஊருக்கே முறை வைத்துத்தான் வருகிறது. இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. பொதுத்துறை நிறுவனங்கள் பள்ளிகளில் கட்டிய கழிப்பறைகளை 15 மாநிலங்களில் போய்ப் பார்த்த தணிக்கைத் துறை, 2020இல் நாடாளுமன்றத்துக்கு வந்த அறிக்கையில், 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வசதி இல்லை என்றது. கட்டடத்தைப் போட்டோ எடுக்கலாம். தினமும் கழுவுகிறவளின் சம்பளத்தை எப்படிப் போட்டோ எடுப்பது?

சாவி தலைமையாசிரியை மேஜையில் இரண்டு மாதம் கிடந்தது. பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு வள்ளத்திலும் பத்து ரூபாய் பிடித்து, தண்ணீர் லாரிக்கும் கழுவுகிற அம்மாவுக்கும் கொடுப்பது என்று முடிவானது. வசூல் நோட்டு ஏலக்காரியிடம். கதவு திறந்தது.

அப்புறம் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி ஆய்வுக்கு வந்தார். ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் முகமெல்லாம் பூரிப்பு. அவருடைய படிவத்தில் ‘மக்கள் பங்களிப்பு’ என்று ஒரு கட்டம் காலியாகவே இருந்ததாம். வசூல் நோட்டை வாங்கித் தொகையைக் கூட்டி எழுதிக்கொண்டார்.

“எழுதுங்க சார்,” என்றாள் ஏலக்காரி. “உங்க ரெண்டு பெர்சென்ட்டுல சேத்துராதீங்க.”

அவர் சிரித்துக்கொண்டே, வசூல் நோட்டோடு அவளைக் கதவு லோகோவுக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார்.