தொழில் தடத்தில் ஒரு குட்டி லேப்டாப்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் கைப்பேசி ஆலை திறந்தது. 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. டெல் 2007இல் வந்து கணினி செய்யத் தொடங்கியது. இப்போது ஃபாக்ஸ்கான் ஐஃபோன் கோக்கிறது. உலகத்துக்கே இணைப்புச் சாமான் அனுப்பும் இந்தத் தடத்தில், ஒரகடத்து வாடகை வீட்டுக் குட்டி லேப்டாப்புக்கு மட்டும் வைஃபை கிடைக்காது.

வைத்தியருக்குப் பஞ்சமில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும் பக்கத்து ரூம் தம்பிகள் அத்தனை பேரும் டிப்ளமோ. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணே" என்பது முதல் மருந்து. கடைசி மருந்தும் அதுதான். இணைப்புக் கொடுத்தவரைக் கேட்டால், "நம்ம லைன் நல்லாத்தான் சார் இருக்கு."

இருக்கும்தான். பழைய குட்டி லேப்டாப்புகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே எட்டும். புது ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் விட்டுவைத்தால் வைஃபையின் பெயரே திரையில் வராது. பெயர் வந்தும் பாஸ்வேர்டு ஏறாவிட்டால், டபிள்யூபிஏ3 அதற்குப் புரியாத பாஷையாக இருக்கலாம். இணைந்த பிறகும் பக்கம் திறக்கவில்லையா? தேதியைப் பாருங்கள். உள்ளிருக்கும் பட்டன் பேட்டரி செத்திருந்தால் லேப்டாப் பழைய ஆண்டிலேயே குடியிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் எதையும் நம்பாது.

ரவுட்டரைத் திட்டும் முன், ஏரோப்ளேன் மோட் பொத்தான் கை பட்டு அழுந்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.