மனுசன்ர விரலும் பொதுப்பெட்டியும்

நெளுக்குளத்தில இப்ப சாதகம் பொருந்தினாப் போதாதாம், போன் பூட்டும் பொருந்தோணுமாம். புதுசாக் கலியாணம் முடிச்ச பெடியன் ஒருத்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில வைச்சு, "அப்பு, எனக்கும் மனிசிக்கும் எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான், எங்களுக்குள்ள ஒளிவுமறைவு இல்லை" எண்டு நெஞ்சை நிமித்தினான். அப்பிடியெண்டால் மோனே, மனிசி கிட்ட வந்தால் ஏன்ரா போனைக் கவிட்டு வைக்கிறாய்?

2017 நவம்பரில தோகாவில இருந்து பாலிக்குப் பறந்த கட்டார் விமானத்தில ஒரு ஈரான்காரி, நித்திரையாக் கிடந்த மனுசன்ர விரலைப் பிடிச்சு வைச்சு அவற்ற போனைத் திறந்திட்டாவாம். உள்ளுக்க வேறொருத்தியின்ர கதை. அவ போட்ட சத்தத்தில விமானத்தைச் சென்னை மீனம்பாக்கத்தில இறக்கி, குடும்பத்தையும் இறக்கிவிட்டிட்டுப் போட்டாங்கள் எண்டு பேப்பருகள் எழுதினது. பாலிக்கு டிக்கெட் எடுத்தவை மீனம்பாக்கம் பார்த்ததுதான் மிச்சம். ஆள் உறங்கினாலும் விரல் உறங்காது, கண்டியோ. ஐபோனில முகப்பூட்டெண்டால் கண்ணைத் திறந்து பார்க்கோணும்; கள்ள மனுசருக்கு அதுதான் தோது. உனக்கில்லை, பொதுவாச் சொல்லுறன்.

மனிசியின்ர விரலையும் உன்ர போனில பதிஞ்சிட்டாக் காரியம் முடிஞ்சுதெண்டு நினைக்காதை. போன் ஆர்ர விரலெண்டு கேக்காது, பதிஞ்ச விரலோ எண்டு மட்டும்தான் பார்க்கும். அவள் கரண்ட் பில் கட்டத் திறந்த போனில உன்ர வைபரும் சேர்ந்து திறக்கும். சில ஆப்புகள் சந்தேகம் பிடிச்சதுகள். புது விரலைப் பதிஞ்ச உடன "விரலை விடு, பாஸ்வேர்ட்டைக் கொண்டா" எண்டு நிக்கும்.

எது ஆருக்கு, எது பொது எண்டதுக்கு எங்கட ஆக்கள் எப்பவோ வழி கண்டவை. ஒல்லாந்தர் 1707 இல எழுத்தில போட்ட தேசவழமைச் சட்டத்தைப் பார். மனுசன்ர முதுசம் மனுசனுக்கு, மனிசியின்ர சீதனம் மனிசிக்கு, சேர்ந்து வாழேக்க தேடினது தேடியதேட்டம். பாஸ்வேர்ட் எல்லாத்தையும் ஒண்டாப் பூட்டி வைக்கிற பெட்டி ஆப்புகள் செய்தவங்களும் அந்தக் கணக்கில்தான் செய்திருக்கிறாங்கள். ஆளுக்கொரு கணக்கு, அந்தப் பெட்டியைத் திறக்க ஆளுக்கொரு தாய்ப் பாஸ்வேர்ட், அவரவர் போனில அவரவர் விரலோ முகமோ. நடுவில ஒரு பொதுப்பெட்டி. பிட்வார்டன் எண்ட ஆப்பில ரெண்டு பேருக்கு அது காசில்லாமலே கிடைக்குது. உன்ர ரேகை போனை விட்டு வெளிய போகாது, உள்ளுக்க இருக்கிற திறப்பை எடுத்துத் தாறது மட்டும்தான் அதின்ர வேலை. ஆனா மண்வெட்டியும் சீமெந்தும் பிடிச்சு ரேகை தேஞ்ச விரலைப் போன் மட்டுக்கட்டாது. அப்ப தாய்ப் பாஸ்வேர்ட்தான் துணை. அதையும் மறந்தியெண்டால் கம்பனிக்காரனாலயும் திறந்து தர ஏலாது.

பொதுப்பெட்டிக்குள்ள கரண்ட் பில், வைஃபை, பிள்ளையின்ர ஒன்லைன் வகுப்பு எல்லாம் போடு. பேங்க் அட்டையின்ர பின் நம்பரை மட்டும் போடாதை. 2013 இல பெங்களூரில பிள்ளைப்பேறு லீவில இருந்த ஒருத்தி அட்டையையும் பின்னையும் மனுசனிட்டக் குடுத்து 25,000 ரூபா எடுக்க விட்டவ. மெஷின் துண்டைத் துப்பினது, காசைத் தரேல்லை. கமராவில நிண்டது அட்டைக்காரி இல்லையெண்டு ஸ்டேட் பேங்க் கையை விரிச்சது. வழக்குப் போட்டு, 2018 இல நுகர்வோர் மன்றமும் பின்னைக் கைமாத்தினது பிழையெண்டு பேங்க் பக்கமே நிண்டிட்டுது. தாலி கட்டினவனெண்டாலும் பேங்குக்கு அவன் மூண்டாம் ஆள்தான். ரெண்டு பேரின்ர பேரிலயும் கணக்குத் திறந்து, ஆளுக்கொரு அட்டை எடுங்கோ.

மற்றது, கட்டாருக்குப் போனாலும் சரி, ஒரேயடியாப் போனாலும் சரி, பின்னால நிக்கிறவை தவிக்கக்கூடாது. தாய்ப் பாஸ்வேர்ட் ரெண்டையும் தாளில எழுதி, தனித்தனி உறையில போட்டு ஒட்டி, காணி உறுதிக் கட்டோட வையுங்கோ. உறையைப் பிரிச்சுப் பார்க்காமல் இருக்கிறது உங்கட கெட்டித்தனம்.