பாண் கொடுத்துப் படித்த சிறுவன்

கேள்வி: எழுத்தறிந்தால் சவுக்கடி என்ற காலத்தில் அடிமைகள் எப்படித்தான் படித்தார்கள்?
(ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிக்குடி)

பதில்: ஒருவர் பாண் கொடுத்துப் படித்தார், டீச்சர்!

அமெரிக்காவின் வட கரோலினாவில், இன்னோர் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அடிமைக்கு வெறும் முதுகில் 39 கசையடி. 1830இல் போட்ட சட்டம் அது.

அதே நாட்டின் பால்டிமோர் நகரில் அடிமைச் சிறுவன் பிரெடரிக் டக்ளஸுக்கு எஜமானி அரிச்சுவடி தொடங்கினார். 'படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான்' என்று தடுத்தார் கணவர். அந்தத் தடையே டக்ளஸுக்கு வழிகாட்டியது. வீட்டுப் பாணைப் பையில் எடுத்துப்போய், பசித்த வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கொடுத்துப் பாடம் கேட்டார். கப்பல் பட்டறையில் தச்சர்கள் மரத்தில் குறித்த எழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகினார். 1838இல் தப்பினார்; 1845இல் தன் கதையைத் தானே எழுதினார்.

இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பள்ளியில் சம ஆசனம் பெற 1920களின் இறுதியிலும் போராட வேண்டியிருந்தது.

எழுத்தின் பலத்தை நன்றாக அறிந்தவன்தான் அதைப் பூட்டிவைக்கிறான். திறப்பு இப்போது உங்கள் கையில். கடைசி வாங்குப் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள்.