கூத்துக்கு ஓடுது, வேலைக்கு ஓடலையா மருமகனே?

என்ன மருமகனே, மூஞ்சி இப்படித் தொங்குது? நெட்டு இல்லையாமே! அப்ப நேத்து நடுராத்திரி வரைக்கும் உன் லேப்டாப்புல சினிமாப் பாட்டுக் கேட்டுச்சே, அது என்ன ரேடியோவா? ஓ, யூடியூபு மட்டும் ஓடுதாக்கும். ஆபீசு மெயிலும் மீட்டிங்கும் மட்டும் படுத்துக்கிச்சாக்கும். வேலைன்னா சுணங்கும், கூத்துன்னா துள்ளும். லேப்டாப்பு அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கு. வளர்ப்பு அப்படி.

அதுக்குப் போயி லைன்மேனை அந்த ஏச்சு ஏசியிருக்க. பாவம், அவன் என்ன பண்ணுவான்? பாட்டு வருதுன்னா லைன்ல நெட்டு வருதுன்னுதானே அர்த்தம்? நான் அஞ்சாப்புத் தாண்டாதவன். நம்ம பய கம்ப்யூட்டர் கடையில வெத்தலையை மென்னுக்கிட்டு ஓரமா உக்காந்திருக்கிறவன். எனக்கே இது தெரியுது. படிச்ச உனக்கு எப்படித் தெரியும்?

முதல்ல உன் போன்ல ஹாட்ஸ்பாட்டைப் போட்டு லேப்டாப்பை அதுல இணை. இப்ப மெயில் வந்தா, குத்தம் வீட்டு ரவுட்டர்லயோ நெட்டு கொடுக்கிறவன்கிட்டயோ இருக்கு. அப்பவும் வரலையா? பெரும்பாலும் குத்தவாளி உன் மடியிலதான் உக்காந்திருக்கான்.

மெயில் உள்ள வருது, வெளிய மட்டும் போகலைன்னா, அனுப்புற செட்டிங்குல போர்ட் நம்பரைப் பாரு. 25ன்னு இருந்தா, அதை நிறைய நெட்டுக்காரங்க அடைச்சு வச்சிருக்காங்க, ஸ்பேம் மெயிலுக்குப் பயந்து. 587ன்னு மாத்து. பிரவுசர் போறது 443 வழியா, அதை எவனும் அடைக்க மாட்டான். அதான் உன் பாட்டுக்கு மட்டும் பழுதில்லை.

அடுத்து ஆன்டிவைரஸ். ஒருநாள் மூலையில ஒரு பொட்டி எந்திரிச்சு, ‘இந்தப் புரோகிராமை நெட்டுக்கு விடவா, வேண்டாமா’ன்னு கேட்டிருக்கும். நீதான் பெரிய கலெக்டராச்சே, வாசிக்க நேரம் ஏது? பட்டுன்னு ‘பிளாக்’ல அமுக்கியிருப்ப. அதுல இருக்கிற பயர்வால் பட்டியலைத் திறந்து அந்தப் புரோகிராமுக்கு ‘அலவ்’ கொடு. பயர்வாலையே மொத்தமா அணைச்சுப் போட்டுட்டுத் தூங்கிறாதே. சோதிக்க அணைச்சா, சோதிச்ச கையோட திரும்பப் போடு.

ஆமா, அந்த ஓசி விபிஎன் என்னாச்சு? நம்ம ஊருல வராத படத்தைப் பாக்கணும்னு ஏத்தினியே! தூக்கிட்டியா? பலே. அது போனாலும் சில நேரம் பிராக்ஸி செட்டிங்கை மட்டும் விட்டுட்டுப் போயிரும். செட்டிங்ஸ்ல நெட்வொர்க், அதுக்குள்ள பிராக்ஸி. அங்க 127.0.0.1ன்னு எழுதியிருந்தா, அது உன் லேப்டாப்போட சொந்த விலாசம். ஊருக்குப் போற வழியைத் தன்கிட்டயே கேட்டுக்கிட்டு நிக்குது. அதை அணை. பயர்பாக்ஸ் பிராக்ஸியைத் தனியாவும் வச்சுக்க முடியும், அப்படி வச்சிருந்தா அது ஓடும், மத்ததெல்லாம் முழிக்கும். ஆனா ஆபீசுல கொடுத்த லேப்டாப்புன்னா கையை வைக்காதே. அங்க வேணும்னே போட்டிருப்பாங்க, கேட்டுட்டுத் தொடு.

இன்னும் சரியாகலையா? கமாண்ட் பிராம்ப்டுன்னு ஒரு கருப்புத் திரை இருக்கு. அதுல பிங் அடிச்சு 8.8.8.8ன்னு போடு. பதில் வந்தா, அதே பிங்கை ஒரு வெப்சைட்டோட பேரைப் போட்டு அடி. நம்பருக்குப் பதில் வந்து, பேரைக் கண்டுபிடிக்க முடியலைன்னு சொன்னா, கோளாறு டிஎன்எஸ்ல. பேரைச் சொன்னா நம்பரைச் சொல்ற வேலை அதோடது. சில பிரவுசர் டிஎன்எஸைத் தனக்குன்னு தனியா வச்சிருக்கும், அதனால அது தப்பிச்சுக்கும். நெட்வொர்க் செட்டிங்ல டிஎன்எஸ்ஸை 8.8.8.8ன்னோ 1.1.1.1ன்னோ மாத்திப் பாரு.

இதுல எதை மாத்துனாலும் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. மாத்துறதுக்கு முன்னாடி பழைய செட்டிங்கைப் போன்ல போட்டோ எடுத்து வை. நாலையும் ஒண்ணாத் திருகிட்டு, எது சரி பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு தெரியாம கடைக்குத் தூக்கிட்டு வந்தா, எம்மவன் காசு வாங்கிருவான். சொந்தக்காரன்னா கூடவே வாங்குவான்.

போ மருமகனே, முதல்ல அந்த லைன்மேனுக்குப் போனைப் போட்டு ‘தப்பு எம்மேலதான்ணே’ன்னு சொல்லு. அப்புறம், இனிமே எந்தப் பொட்டி வந்து கேள்வி கேட்டாலும், வாசிச்சுட்டு அமுக்கு.